மியூசிக் பிளேயர் வாங்கப் போகிறீர்களா? காதைக் கேளுங்கள், கையையும் கேளுங்கள்

என் மேசை இழுப்பறையில் முப்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய மியூசிக் பிளேயர் ஒன்று தூங்குகிறது. ஒலியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீணையில் ஒரு மீட்டு விழுந்து அடங்கும் வரை கேட்கும். ஆனால் கால் கிலோவுக்கு மேல் கனம். சட்டைப் பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கம் சாயும். ஆன் செய்து பாட்டு வர ஒரு நிமிடம் ஆகும். தாம்பரம்–பீச் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்தக் கண்ணாடித் திரையைத் தடவிப் பாட்டு மாற்றப் போய் இரண்டு முறை கீழே போட்டேன். மூன்றாம் மாதம் அது இழுப்பறைக்குப் போய்விட்டது. இப்போது பையில் இருப்பது, அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிய, பொத்தான் வைத்த சின்னப் பெட்டி.

“சவுண்ட் முக்கியமா, வசதி முக்கியமா?” என்று புதிதாக வாங்குகிற எல்லோரும் கேட்கிறார்கள். ஏதோ இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதுபோல. ஐயாயிரம் ரூபாய் பிளேயருக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் பிளேயருக்கும் நடுவில் என் காதுக்குத் தெரிகிற வித்தியாசம், ஐந்நூறு ரூபாய் இயர்போனுக்கும் ஐயாயிரம் ரூபாய் இயர்போனுக்கும் நடுவில் தெரிவதில் கால்வாசிகூட இல்லை. அதனால் ஒலிக்கான காசை இயர்போனில் போடுங்கள், பிளேயரைக் கையைக் கேட்டு வாங்குங்கள். இதற்கு விதிவிலக்கு உண்டு. அது மூன்றாம் படியில் வரும்.

முதல் படி: தனியாக ஒன்று வேண்டுமா?

கடைக்குக் கிளம்புவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் 2001இல் கொண்டுவந்த ஐபாடை 2022இல் நிறுத்திவிட்டது. காரணம் நம் எல்லார் கையிலும் இருக்கிறது. பாட்டு முழுவதும் ஸ்ட்ரீமிங் செயலியில்தான் கேட்கிறீர்கள், ஃபைலாக ஒன்றும் வைத்திருக்கவில்லை என்றால் தனி பிளேயர் உங்களுக்குச் சுமைதான். போனில் இயர்போன் துளை இல்லையா? யூஎஸ்பி-சியில் செருகும் சின்ன அடாப்டர் ஒன்று வாங்குங்கள். நம் ஆட்கள் அதை ‘டாங்கிள்’ என்பார்கள். அதற்குள்ளேயே எண்களை ஒலியாக்கும் டாக் சிப்பும் ஆம்ப்ளிஃபையரும் இருக்கின்றன. ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும் நல்ல டாங்கிள், சாதாரண இயர்போனுக்குத் தாராளமாகப் போதும். ஆப்பிளுடைய டாங்கிளையே பலர் சிபாரிசு செய்வார்கள். நல்ல சரக்குதான். ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் வால்யூம் குறைவாகவே வரும். வாங்குமுன் உங்கள் போனில் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் தனி பிளேயர் யாருக்கு? ஆலாபனை நடுவில் வங்கிக் கடன் அழைப்பு வருவது பிடிக்காதவர்களுக்கு. போன் பேட்டரியை யூபிஐக்கும் மேப்புக்கும் மிச்சம் வைக்க வேண்டியவர்களுக்கு. சிடி, கேசட் என்று வீட்டில் சேர்ந்துபோனதை எல்லாம் ஃபைலாக மாற்றி வைத்திருப்பவர்களுக்கு. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிற, தொடுதிரையோடு மல்லுக்கட்ட விரும்பாத அப்பா அம்மாவுக்கு. இதில் ஒன்றிலாவது நீங்கள் இருந்தால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: உங்களிடம் என்ன பாட்டு இருக்கிறது?

பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. என் மாமனாரிடம் சபாக் கச்சேரிப் பதிவுகள் ஒரு பெட்டி நிறைய உண்டு. எல்லாம் கேசட்டில் இருந்து எப்போதோ 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 ஆயிரம் பிட்) எம்பி3யாக மாற்றியவை. டேப் இரைச்சல், ரசிகர் இருமல், பக்கம் மாறும் இடத்தில் அறுந்துபோன நிரவல், எல்லாம் அதில் இருக்கின்றன. “நல்ல பிளேயர் போட்டா தெளிவாகுமா மாப்பிள்ளை?” என்று கேட்டார். ஆகாது மாமா என்றேன். பதிவில் இல்லாததை எந்தப் பெட்டியும் சேர்க்காது. விலை உயர்ந்த பெட்டி அந்த இருமலைத்தான் இன்னும் தெளிவாகக் காட்டும்.

சிடி வைத்திருப்பவர்கள் கணினியில் போட்டு ஃப்ளாக் வடிவத்தில் எடுத்து வையுங்கள். சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட்டாகப் பதிந்திருக்கிறது. இடம், வலம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1,411 கேபிபிஎஸ். ஃப்ளாக் அதில் ஒன்றையும் தூக்கிப் போடாமல் மடித்து வைக்கிறது, பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல. எம்பி3யோ, காதுக்குத் தெரியாது என்று தான் நினைப்பதை வெட்டி எறிந்துவிடும். 320 கேபிபிஎஸ் எம்பி3யில் அந்த வெட்டு பெரும்பாலோர் காதுக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. நம்பாவிட்டால் கணினியில் ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதன் ஏபிஎக்ஸ் நீட்சியில் சோதித்துப் பாருங்கள். எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கும். நான் தோற்ற அன்றைக்கு மனசு கொஞ்சம் சுருங்கியது, பர்ஸ் பிழைத்தது.

இட அளவும் இங்கேயே முடிவாகிவிடும். ஒரு மணி நேரக் கச்சேரி 320 எம்பி3யில் சுமார் 144 எம்பி. ஃப்ளாக்கில் தோராயமாக 300 முதல் 400 எம்பி. 128 ஜிபி கார்டில் ஃப்ளாக்கே 300 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். ஒரு மார்கழி சீசனில் நாளுக்கு மூன்று கச்சேரி கேட்டாலும் தீராது. அதனால் உள்நினைவு அதிகம் என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், கார்டு போட இடம் இருந்தால் போதும்.

மூன்றாம் படி: இயர்போனை முதலில் முடிவு செய்யுங்கள்

பிளேயரைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் போடப்போவது ப்ளூடூத் இயர்பட் என்றால், இந்தக் கட்டுரையில் ஒலி பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையில்லை. ப்ளூடூத்தில் பிளேயர் வெறும் எண்களைத்தான் அனுப்புகிறது. அவற்றை ஒலியாக்கும் டாக்கும் ஆம்ப்ளிஃபையரும் இயர்பட்டுக்குள் இருக்கின்றன. பிளேயரில் எவ்வளவு உசத்தியான சிப் இருந்தாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும். பார்க்க வேண்டியது கோடெக், அதாவது அந்த எண்களைச் சுருக்கி அனுப்பும் முறை, அது ஒன்றுதான். எல்டாக் என்ற கோடெக் பிளேயர், இயர்பட் இரண்டிலும் இருந்தால் 990 கேபிபிஎஸ் வரை போகும், நெரிசலான ரயிலில் அதுவே தானாக இறங்கிக்கொள்ளும்.

வயர் போட்ட இயர்போன் என்றால் மூன்று இடங்களில் பிளேயர் ஒலியைத் தொடுகிறது. நான் சொன்ன விதிவிலக்கு இதுதான்.

ஒன்று, இரைச்சல். காதுக்குள் செருகும் இன்-இயர் வகைகளில் சில, சின்னச் சத்தத்தையும் காட்டிவிடும். அவற்றைச் செருகினால் பாட்டு இல்லாதபோதுகூட ‘உஸ்ஸ்’ என்று கேட்கும். தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் இது எரிச்சலாக இருக்கும்.

இரண்டு, வெளியீட்டு மின்மறுப்பு. பெயர்தான் பயமுறுத்தும், பிளேயரின் வெளியீட்டில் மின்சாரத்துக்கு இருக்கும் தடை அது, ஓம் கணக்கில் சொல்வார்கள். பிளேயரின் இந்த எண், இயர்போனின் ஓம் எண்ணில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள் இருந்தால் சரி. மீறினால், ஒலி எழுப்பும் டிரைவர்கள் பல வைத்த இயர்போன்களில் ஒலியின் சாயலே மாறிவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒரு பெட்டியில் பருத்தும் இன்னொன்றில் ஒடுங்கியும் கேட்க இதுவும் ஒரு காரணம்.

மூன்று, சக்தி. வீட்டில் உட்கார்ந்து கேட்கும் பெரிய ஹெட்போன்களில் 300 ஓம் உள்ளவையும் உண்டு, சென்ஹைசர் எச்டி 600 அப்படிப்பட்டது. சின்னப் பிளேயர் அதை இழுக்கத் திணறும், வால்யூமைக் கடைசி வரை வைத்தாலும் சோகையாக இருக்கும். இழுப்பறையில் கிடக்கும் என் பெரிய பெட்டி வெளியே வருவது இதற்கு மட்டும்தான். ஞாயிறு இரவு, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம். பிறகு வியர்த்துப்போய் எழுந்துவிடுவேன்.

வெளியில் கேட்பவர்களுக்கு ஒலித் தரம் என்பது பாதிக்கு மேல் ரப்பர் முனைதான். மின்சார ரயில், 21ஜி பேருந்து, அண்ணா சாலை ஹார்ன். இத்தனைக்கும் நடுவில் 24 பிட் ஃபைலின் நுணுக்கம் எங்கே கேட்கும்? காதுக்குச் சரியாகப் பொருந்தும் முனையைப் போட்டு வெளிச்சத்தத்தை அடைத்தால் வால்யூமைக் குறைத்தே எல்லாம் கேட்கலாம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. முனை பொருந்தாமல் ரயில் சத்தத்தோடு போட்டி போட்டு வால்யூம் ஏற்றுகிறவர்கள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

நான்காம் படி: பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதைப் படிப்பது

சீக்கிரம் முடித்துவிடலாம். தங்க நிற ‘ஹை-ரெஸ்’ ஸ்டிக்கர், 192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட், இரட்டை டாக்: எதையும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, வயதாக ஆக இன்னும் கீழே. மாதிரி எண்ணிக்கையில் பாதி வரைதான் ஒலி பிடிபடும் என்றாலும், சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் அதைத் தாண்டி 22 வரை பிடித்துவிடும். ‘பேலன்ஸ்டு’ என்ற 4.4 மி.மீ. இயர்போன் துளை கூடுதல் சக்தி தரும், 300 ஓம் ஆட்களுக்கு உபயோகம். மற்றவர்களுக்கு 3.5 மி.மீ. போதும். பேட்டரி மணிக்கணக்கைப் பார்க்கும்போது அது எந்த வகை ஃபைலுக்கு, எந்தத் துளைக்குச் சொன்னது என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: எந்த வகைப் பெட்டி?

பொத்தான் வகை. ஃபியோ நிறுவனத்தின் ஸ்னோஸ்கை எக்கோ மினி மாதிரி, பழைய கேசட் பிளேயர் சாயலில் வருபவை. சட்டென்று ஆன் ஆகும், பார்க்காமலே பாட்டு மாற்றலாம், விலை குறைவு. தேடும் வசதி கிடையாது. ஆயிரக்கணக்கில் பாட்டு வைத்திருந்தால் பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் ஓய்ந்துவிடும்.

சின்னத் தொடுதிரை வகை. ஷான்லிங் எம்0, ஹைபி ஆர்3 போன்றவை. எம்0வில் திரை ஒன்றரை அங்குலம்தான், முழுப் பெட்டியே ஏறக்குறைய தீப்பெட்டி அளவுதான். அழகாக இருக்கும். தடித்த விரல்காரர்கள் கடையில் தொட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஹைபிலிங்க் என்ற வசதி இருந்தால் பெட்டியைப் பையிலேயே விட்டுவிட்டுப் போனில் இருந்து பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். திரை சின்னதாக இருப்பதன் குறை பாதி தீர்ந்தது.

ஆண்ட்ராய்டு வகை. சோனியின் என்டபிள்யூ-ஏ306, ஃபியோவின் எம் வரிசை. ஸ்ட்ரீமிங் செயலி போடலாம், தேடலாம், தமிழில் தட்டலாம். சோனி 113 கிராம்தான், பக்கவாட்டில் பொத்தான்களும் உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டு என்றாலே அதற்கு ஒரு ஆயுள் உண்டு. பதிப்பு பழசானால் சில வருடங்களில் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். உள்ளே ஒட்டிய பேட்டரியும் அதே நேரத்தில் சோரும். பத்து வருடம் வைத்திருக்க நினைத்தால் இது உங்களுக்கு இல்லை.

அப்புறம் பழைய ஐபாட் கிளாசிக் பைத்தியங்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். 2014இல் நிறுத்தியதை இன்றும் வாங்கி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்டி கார்டு பொருத்தி, புது பேட்டரி போட்டு ஓட்டுகிறார்கள். அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பாட்டுத் தேடும் சுகத்துக்கு இன்றுவரை இணை வரவில்லை. ஃப்ளாக் அதில் நேராக ஓடாது, ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஓடும். ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

ஆறாம் படி: கார்டோடு கடைக்குப் போங்கள்

சென்னையில் இருப்பதன் லாபம், தொட்டுப் பார்த்து வாங்க முடிவது. இப்போது ரிச்சி தெருவில் பிளேயரைவிடப் போன் உதிரிபாகம்தான் அதிகம், இருந்தாலும் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். பர்மா பஜாரில் விலை இன்னும் குறையும், கூடவே பில்லும் வாரண்டியும் குறையும். ஆடியோவுக்கென்றே இருக்கும் கடைகளில் சாவகாசமாக உட்கார்ந்து கேட்க விடுவார்கள். ஒரு தடவை ஒரு கடையில், “பாக்ஸ் பிரிச்சா எடுத்துக்கணும் சார்” என்றார் பையன். சரி என்று தலையாட்டி வாங்கினேன், இழுப்பறைக்காரர் அப்படி வந்தவர்தான். டெமோ பெட்டி இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

போகுமுன் வீட்டில் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டைத் தயார் செய்யுங்கள். அதில் நான்கு விஷயம் இருக்கட்டும்.

தமிழில் பெயரிட்ட சில ஃபைல்கள். விமர்சனம் எழுதும் வெளிநாட்டுக்காரர்கள் யாரும் இதைச் சோதிப்பதில்லை. சின்னப் பெட்டிகளில் பல, தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும். இன்னும் சில, எழுத்தைக் காட்டும், ஆனால் சேர்க்கத் தெரியாது. ‘கெ’யில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், ‘தோடி’ தோடியாக இருக்காது. எனவே செ, கொ, தோ, பௌ, ஸ்ரீ எல்லாம் வருமாறு பெயர் வையுங்கள். ஃபோல்டர் பட்டியலில் சரியாக வந்து, பாட்டு ஓடும் திரையில் உடைவதும் உண்டு. இரண்டையும் பாருங்கள்.

இடைவெளி இல்லாமல் ஓட வேண்டிய இரண்டு ஃபைல்கள். ராகம், தானம், பல்லவியைத் தனித்தனித் துண்டாக வெட்டிய கச்சேரி இருந்தால் அதுவே பொருத்தம். பல்லவி முடிந்து தனி ஆவர்த்தனத்துக்குள் நுழையும் இடத்தில் பெட்டி அரை நொடி விக்கினால் அந்தக் கச்சேரியே பாழ். எம்பி3யில் ஃபைலின் முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடும், அதை வெட்டிவிட்டு ஒட்டத் தெரிந்த பெட்டி வேண்டும். ஃப்ளாக்கில் வெற்றிடம் கிடையாது, ஆனாலும் சில பெட்டிகள் அடுத்த ஃபைலைத் திறக்கத் தடுமாறும். இரண்டு வகையிலும் சோதியுங்கள்.

ஒரு நீண்ட ஃபைல், ஒரு மணி நேரமாவது. நடுவில் நிறுத்தி, பெட்டியை முழுவதும் அணைத்து, திரும்பப் போடுங்கள். விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறதா? உபன்யாசமும் ஒலிப்புத்தகமும் கேட்பவர்களுக்கு ஒலித் தரத்தைவிட இது முக்கியம்.

கடைசியாக, மிக மெதுவான ஒரு பதிவு, இரைச்சலைப் பிடிப்பதற்கு. உங்கள் சொந்த இயர்போனோடு கேளுங்கள், கடை இயர்போன் வேண்டாம்.

அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைப் பைக்குள் விடுங்கள். வால்யூம், நிறுத்தம், அடுத்த பாட்டு, மூன்றையும் விரலால் கண்டுபிடிக்க முடிகிறதா? எடுத்துப் பார்க்காமல் முடியவில்லை என்றால் பேருந்தில் அது உதவாது. வால்யூமை ஒரு படி ஏற்றினால் எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். படிகள் பெரிதாக இருந்தால் ஒன்று குறைவாக இருக்கும், அடுத்தது காதைக் குத்தும்.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒரு சூட்சுமம். வால்யூமைச் சமமாக வையுங்கள். ஒன்று கொஞ்சமே சத்தமாக இருந்தாலும், ‘தெளிவு’, ‘உயிர்ப்பு’ என்று நம் மூளை அதற்கு மார்க் போட்டுவிடும். விற்பவர்களில் சிலருக்கு இது நன்றாகவே தெரியும். ஒருவர் மாற்றிச் செருக, நீங்கள் எது என்று பார்க்காமல் கேளுங்கள். கூட வந்த நண்பருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் போயிற்று.

ஏழாம் படி: வாங்கிய பிறகு

கார்டில் போலி ஏராளம். 512 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 32கூட இருக்காது. நிரம்பிய பிறகு பழைய ஃபைல்களின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் சோதனையை விண்டோஸில் ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். கார்டில் இருப்பது நகலாகவே இருக்கட்டும், மூலம் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில்.

ஃபைல் பெயர்களில் 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் சில பெட்டிகள் 1க்குப் பிறகு 10ஐப் பாடும், வர்ணம் முடிந்ததும் மங்களம் வந்து நிற்கும். கர்நாடக இசைக்குப் பாடகர், ஆல்பம் என்ற அடுக்கு போதாது, தலைப்பிலேயே ராகத்தையும் சேர்த்துவிடுங்கள். எம்பி3டேக் மென்பொருளில் நூறு ஃபைலை ஒரே மூச்சில் மாற்றலாம்.

நம் ஊர் வியர்வையும் உப்புக் காற்றும் இயர்போன் இணைப்புகளுக்கு ஆகாது. கழற்றக்கூடிய கேபிள் என்றால் சேரும் இடத்தை அவ்வப்போது துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பியில் வையுங்கள். மே மாதம் நிறுத்திய காரில் பெட்டியை விட்டுப் போகாதீர்கள். பேட்டரி உப்பினால் திரையைத் தூக்கிவிடும்.

திருப்பிக் கொடுக்க ஏழு நாள் இருக்கிறது என்றால் அந்த ஏழு நாளும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்காதீர்கள். முதல் நாளே ரயிலுக்கு எடுத்துப் போங்கள், மழைக் கோட்டுப் பையில் போடுங்கள், கைநிறையக் காய்கறிப் பையோடு பாட்டு மாற்றிப் பாருங்கள். ஆறாம் நாளும் காலையில் கிளம்பும்போது கை தானாக அதை எடுத்தால் பெட்டியின் அட்டையைத் தூக்கிப் போடலாம். எடுக்கவில்லை என்றால் பில்லோடு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.